வெள்ளிக்கிழமை கோக்காத நீர்

தருமபுரிப் பக்கத்து அதியமான்கோட்டையிலோ நல்லம்பள்ளியிலோ ஒரு பெண் நெற்றி முழுக்கச் சுக்குப் பற்றும் அதற்கு மேல் இறுக்கிக் கட்டிய துண்டுமாகத் திண்ணையில் சாய்ந்திருந்தால், அந்தப் பக்கம் போகிற முதல் ஆள் கேட்கும் முதல் கேள்வி: "தலைக்குக் குளிச்சியா?" ஆமாம் என்பாள். குளித்திருப்பாள்தான். தூரமான அன்று தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் எந்த வீட்டில் விடுகிறார்கள்? "அதான் நீர் கோத்துக்கிச்சு. ஈரத் தலையோட நின்னிருப்ப." வழக்கு முடிந்தது. விசாரணை கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. அடுத்த மாதம் அதே நாள், அதே பற்று, அதே தீர்ப்பு.

எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பெண் வெள்ளிக்கிழமைதோறும் தலைக்குக் குளிக்கிறாள். தேய்பிறை அஷ்டமிக்குக் காலபைரவர் கோயிலுக்குப் போகுமுன் குளிக்கிறாள். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாள். அப்போதெல்லாம் கோக்காத நீர், தூரமான அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்து கோத்துக்கொள்கிறது?

கேள்வி சின்னதுதான். ஆனால் அதை அவிழ்த்தால் கூடவே ஒரு பெரிய நம்பிக்கையும் அவிழ்ந்துவிடும். "பொம்பளைன்னா அந்த நாள்ல தல வலிக்கத்தான் செய்யும், எல்லாருக்கும் வர்றதுதானே" என்பது அந்த நம்பிக்கை. காரணம் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும்: ஒரு வீட்டில் நீர், இன்னொரு வீட்டில் பித்தம், மூன்றாவதில் உடம்புச் சூடு, நான்காவதில் கெட்ட ரத்தம். முடிவு எல்லா வீட்டிலும் ஒன்றே: பொறுத்துக்கொள். இப்படிச் சொல்கிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. சுக்கை இழைத்து வந்து பற்றுப் போட்டுவிடுவதும் அவர்களே. அக்கறையோடு சொல்லப்படும் தவறு என்பதால்தான் அதை எதிர்த்துப் பேச நா எழுவதில்லை. எழ வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் "எல்லாருக்கும் வர்றதுதான்" என்ற வாதம். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரர் இதைச் சொன்னாலும் மன்னிக்கலாம். தருமபுரிக்காரர் சொல்லக் கூடாது. ஏனென்றால் இதே வாதத்தால் நாம் ஒருமுறை மோசமாக ஏமாந்திருக்கிறோம். தலைமுறை தலைமுறையாக இந்த மாவட்டத்துப் பிள்ளைகளின் பல் பழுப்பேறிக் கிடந்தது. முட்டி மடங்காமல், முதுகு நிமிராமல் பெரியவர்கள் நடந்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அப்படி இருந்தால் அது நோயாகக் கண்ணுக்குத் தெரியாது; ஊர்வாகு என்றே தோன்றும். காரணம் நிலத்தடி நீரில் கரைந்திருந்த ஃப்ளூரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு; நம் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் பல இடங்களில் அதைத் தாண்டியிருந்தன. கடைசியில் 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில், ஜப்பான் கடனுதவியோடு, காவிரியிலிருந்து குழாய் போட்டு வந்ததுதான் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். அதன் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே 'ஃப்ளூரோசிஸ் தணிப்பு' என்ற சொல் இருக்கிறது.

ஆக, தண்ணீர் விஷயத்தில் நாம் இரண்டு தீர்ப்பு எழுதியிருக்கிறோம். பல்லையும் எலும்பையும் கெடுத்த கிணற்று நீரை நிரபராதி என்று விட்டுவிட்டோம். மாதாமாதம் வரும் தலைவலிக்கு மூல காரணமாக இல்லாத குளியல் நீரைக் குற்றவாளி ஆக்கிவிட்டோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே: பலருக்கு வருவது இயல்பு, இயல்புக்கு வைத்தியம் வேண்டாம். முதல் தீர்ப்பைத் திருத்திவிட்டோம். இரண்டாவது அப்படியே கிடக்கிறது.

சரி, உண்மையான காரணம் என்ன? மாதவிடாய் வருவதற்கு முந்தைய சில நாட்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் அளவு சட்டென்று சரிகிறது. ஒற்றைத் தலைவலிக்கு, அதாவது மைக்ரேனுக்கு, ஆளாகும் மூளையை அந்தச் சரிவு உசுப்பிவிடுகிறது. இது ஊகமில்லை. ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் பிரையன் சாமர்வில் 1970-களின் தொடக்கத்தில் இரண்டு சோதனைகளைச் செய்தார். மாதவிடாய்க்கு முன் புரொஜெஸ்டிரோன் கொடுத்துப் பார்த்தார்: ரத்தப்போக்கு தள்ளிப்போனது, தலைவலியோ பெரும்பாலோருக்கு வழக்கமான வேளைக்கே வந்து நின்றது. அடுத்து ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டு அதன் அளவு சரியாமல் பிடித்துவைத்தார்: இப்போது ரத்தம் வேளைக்கு வந்தது, தலைவலி தள்ளிப்போனது.

'கெட்ட ரத்தம் தலைக்கேறுது' என்பவர்கள் இந்த இரண்டு வரியை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும். ரத்தம் வராதபோதும் தலை வலித்தது. ரத்தம் வந்தபோதும் தலை வலிக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பே ரத்தம் விடுதலையாகிவிட்டது. செய்தி நம் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. மாதவிடாயின்போது கருப்பைச் சவ்வு வெளியிடும் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளுக்கும் இதில் பங்குண்டு. அடிவயிற்று வலியைக் கிளப்புவதும் அதுவே. அதனால்தான் பலருக்கு வயிறும் தலையும் ஒரே நாளில் சேர்ந்து வலிக்கின்றன.

பித்தத்தின் கதை இன்னும் வேடிக்கை. தலைவலி உச்சத்தில் இருக்கும்போது அவள் மஞ்சளாக வாந்தி எடுக்கிறாள். "பாத்தியா, பித்தம்! வாந்தி எடுத்தா தல வலி நின்னுரும்." மைக்ரேன் வந்தால் குமட்டலும் வாந்தியும் அதன் கூட்டாளிகள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிற்றிலிருந்து மஞ்சள் நீர் வராமல் வேறென்ன வரும்? தலைவலி வாந்தியைக் கூட்டிவந்தது. வாந்தி வந்து தலைவலியைக் காட்டிக்கொடுத்தது. நாம் சாட்சியைப் பிடித்துக் கூண்டில் ஏற்றிவிட்டோம். இதில் ஒரு நடைமுறைச் சங்கதியும் உண்டு. மைக்ரேன் வந்தால் இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடுகிறது. வலி முற்றிய பிறகு விழுங்கும் மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும், அல்லது வாந்தியோடு வெளியே வந்துவிடும். 'தாங்க முடியலன்னா போட்டுக்கலாம்' என்று காத்திருப்பதுதான் 'மாத்திரை எனக்குக் கேக்கறதில்ல' என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம். மருந்து தோற்கவில்லை. அதைத் தாமதமாகக் களத்தில் இறக்கினோம்.

"எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்பார்கள் பெரியவர்கள். இரண்டு பதில் இருக்கிறது. முதல் பதில், வீட்டு மூலையில் கிடக்கும் சுக்கு இழைக்கும் கல். உங்கள் காலத்தில் தலைவலி இல்லையென்றால் அந்தக் கல் யாருக்காகத் தேய்ந்தது? இரண்டாவது, உங்கள் மாமியார் காலத்தில் மாதவிடாயே குறைவு. சின்ன வயதில் கல்யாணம், அடுத்தடுத்துப் பிள்ளை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வருடம் தாய்ப்பால். மாலி நாட்டின் டோகன் இனப் பெண்களை ஆராய்ந்த மானுடவியலாளர் பெவர்லி ஸ்ட்ராஸ்மன், இப்படி வாழும் ஒரு பெண்ணுக்கு ஆயுளில் நூற்றுச் சொச்சம் மாதவிடாய்தான் வருகிறது என்று 1990-களில் கணக்குச் சொன்னார். ஓரிரு பிள்ளை பெறும் இன்றைய பெண்ணுக்கு அது நானூறைத் தொடும். நூறு முறை சரிவதும் நானூறு முறை சரிவதும் ஒன்றா? பேத்தி மென்மையானவள் என்று சொல்லுமுன் எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, காத்திருக்கச் சொல்லும் வைத்தியங்கள். "கல்யாணமானா சரியாயிடும்", "ஒரு புள்ள பொறந்தா சரியாயிடும்", எல்லாம் முடிந்த பிறகு "கர்ப்பப்பைய எடுத்துட்டா சரியாயிடும்". இவற்றில் நடுவில் இருப்பதில் மட்டும் அரை உண்மை உண்டு. கருவுற்ற மூன்று மாதத்துக்குப் பிறகு பல பெண்களுக்கு மைக்ரேன் தணிவது மெய்யே. ஈஸ்ட்ரோஜன் அப்போது ஏறுமுகத்தில் நிலைத்து நிற்கிறது. பிரசவத்தோடு அது மளமளவென்று விழுகிறது. தலைவலியும் திரும்பி வருகிறது. அதாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்வரை ஓய்வு. பிறந்த பிறகு பழையபடி. இதை வைத்தியம் என்று நம்பித் தலைவலிக்காக ஒரு பெண்ணைத் தாயாகச் சொல்வது என்ன நியாயம்?

கர்ப்பப்பை எடுப்பதில் அரை உண்மைகூட இல்லை. ஈஸ்ட்ரோஜன் சுரப்பது சினைப்பையில்; கர்ப்பப்பையை எடுத்தாலும் அதன் ஏற்ற இறக்கம் நிற்காது. சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் ஒரே நாளில் அதலபாதாளச் சரிவு. பலருக்குத் தலைவலி கூடவே செய்யும். தேவையில்லாமல் கர்ப்பப்பை நீக்கும் அவலம் நாட்டில் எவ்வளவு பரவியிருக்கிறது என்றால், அதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட வேண்டியிருந்தது. தானாக மாதவிடாய் நின்ற பிறகு பலருக்கு மைக்ரேன் ஓய்வது உண்மை. ஆனால் நிற்பதற்கு முந்தைய சில வருடங்கள்தான், ஹார்மோன் தாறுமாறாக ஏறி இறங்கும் காலம் என்பதால், மிக மோசமானவை. பதினான்கு வயதில் தொடங்கியவளை ஐம்பது வரை காத்திருக்கச் சொல்வதற்குப் பெயர் வைத்தியமா?

காத்திருப்பதற்குப் பதில் என்ன செய்யலாம்? செலவில்லாத ஒன்றிலிருந்து தொடங்கலாம். அதியமான்கோட்டையில் எந்த வீட்டுச் சுவரிலும் தினசரி காலண்டர் தொங்கும். தேய்பிறை அஷ்டமி என்றைக்கு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். அன்று பைரவருக்குச் சாம்பல் பூசணியில் விளக்கேற்ற வெளியூரிலிருந்தும் கூட்டம் வரும். அந்த வீட்டுப் பெண்ணுக்குப் போன மாதம் தலைவலி எந்தத் தேதியில் வந்தது என்று கேளுங்கள், யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஒரு மாதக் காலண்டர் வாங்கி, தூரமான நாளுக்குச் சிவப்பு மையில் ஒரு வட்டம், தலைவலி வந்த நாளுக்கு நீல மையில் ஒரு கோடு என்று மூன்று மாதம் குறியுங்கள். மூன்று மாதத்தில் இரண்டு மாதமாவது, மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்பிலிருந்து மூன்றாம் நாளுக்குள் மைக்ரேன் வந்திருந்தால், உலகத் தலைவலி மருத்துவர்கள் வகுத்த இலக்கணத்துக்கு அது பொருந்துகிறது. லண்டனில் ஆன் மெக்ரெகரும் ஆலன் ஹாக்ஷாவும் இப்படிப் பெண்கள் எழுதிய நாட்குறிப்புகளை வைத்துத்தான், மாதவிடாயின் முதல் மூன்று நாட்களில் மைக்ரேன் வரும் வாய்ப்பு மற்ற நாட்களைப்போல் இரண்டரை மடங்கு என்று 2004-ல் காட்டினார்கள். வெள்ளிக்கிழமைக் குளியலையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நீருக்கும் அப்போது நியாயம் கிடைக்கும்.

வரும் நாள் தெரிந்த எதிரியை மடக்குவது எளிது. இந்தத் தலைவலிக்கு மருத்துவர்கள் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். வலி தலைகாட்டிய உடனே, முற்றுவதற்கு முன், நாப்ராக்சென் போன்ற வலி மாத்திரையோ, மைக்ரேனுக்கென்றே உள்ள சுமாட்ரிப்டான், ரைசாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகையோ போடுவது ஒன்று. மாதவிடாய் தேதி தவறாமல் வருகிறவர்களுக்கு, வலி வரும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே தொடங்கி ஐந்தாறு நாள் மட்டும் மருந்து கொடுத்து, வலியை வாசலிலேயே மறிப்பது மற்றொன்று. சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடுவதும் தூக்கம் கெடாமல் இருப்பதும் இரண்டுக்கும் துணை. அந்த வாரத்தில் விரதம் வந்தால் பைரவர் பொறுத்துக்கொள்வார். எல்லா மருந்தும் எல்லாருக்கும் ஆகாது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு நாப்ராக்சென் வகை ஆகாது. இதய நோயோ பக்கவாதமோ கட்டுக்கடங்காத ரத்தக்கொதிப்போ உள்ளவருக்கு டிரிப்டான் ஆகாது. அதனால்தான் மருத்துவரிடம் போகச் சொல்கிறேன். தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008-லிருந்து இருக்கிறது. பஸ் ஏறினால் அரை மணி நேரம்.

"மாத்திரை போட்டா பழகிடும், கர்ப்பப்பை கெட்டுடும்" என்ற பயத்துக்கும் பதில் வேண்டும். வலி மாத்திரையால் கர்ப்பப்பை கெடுவதில்லை. 'பழகிடும்' என்பதில் மட்டும் விஷயம் இருக்கிறது. அளவைத்தான் மாற்றிச் சொல்கிறார்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டானையும் கலவை மாத்திரைகளையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். மாதத்துக்கு நான்கைந்து நாள் போடுகிற பெண் அந்த எல்லையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எல்லையைத் தாண்டுகிறவர்கள் வேறு: பெட்டிக்கடையில் ஒரு டீயோடு ஒரு மாத்திரையும் வாங்கித் தினமும் விழுங்குகிறவர்கள். அவர்களை யாரும் தடுப்பதில்லை. வயிற்று வலிக்கென்று கைப்பையில் வைத்திருக்கும் மெஃபனாமிக் அமில மாத்திரைகூட, அரிதாகக் கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023-ல் எச்சரித்தது. மாத்திரையை வெறுக்க இது காரணமாகாது. கேட்டுத் தெரிந்து போட வேண்டும் என்பதற்குக் காரணம்.

அதியமான்கோட்டையைப் பற்றி எழுதினால் நெல்லிக்கனியைத் தொடாமல் போக முடியாது. அதியமான் நெடுமான் அஞ்சி அரிய கனியை ஔவைக்குக் கொடுத்ததை எல்லோரும் சொல்கிறோம். அதன் குணத்தைச் சொல்லாமல் மறைத்துக் கொடுத்தான் என்பதையும் புறநானூறு பதிந்திருக்கிறது. கொடைக்கு அது அழகு. மருந்துக்கு அது ஆபத்து. பட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் கடைக்காரர்களும், பெயரும் காரணமும் சொல்லாமல் சீட்டெழுதும் மருத்துவர்களும் அதியமானைத் தவறான இடத்தில் பின்பற்றுகிறார்கள். சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கருத்தடை மாத்திரை ஓர் உதாரணம். அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையில் ஈஸ்ட்ரோஜன் கலந்த 21 மாத்திரைகளும் இரும்புச் சத்து மாத்திரைகள் 7-ம் இருக்கும். அந்த ஏழு நாளில் ஈஸ்ட்ரோஜன் சரிவதால் சிலருக்கு அப்போது தலைவலி வரும். அதைவிட முக்கியம்: தலைவலிக்குமுன் கண்ணில் வளைந்து வளைந்து மின்னல் கோடு தெரிவது, பார்வையில் ஒரு பகுதி மறைவது, கை மரத்துப்போவது போன்ற முன்னறிகுறி உள்ள பெண்கள், பக்கவாத அபாயம் கூடுவதால், ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையை எந்த வயதிலும் எடுக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. "உனக்குத் தலைவலி வருமா, அதுக்கு முன்னாடி கண்ணுல ஏதாவது தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்த அட்டையை நீட்ட வேண்டும். 'எல்லாருக்கும் வர்றதுதான்' என்று நினைக்கிறவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு வாதம் வரும், அதை மதிக்கிறேன். 'மாதவிடாயை நோயாக்காதீர்கள். ஏற்கெனவே ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனிகளில் பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள். மாதம் மூன்று நாள் தலை தூக்க முடியாது என்று சொன்னால் இன்னும் ஒதுக்குவார்கள்.' பயம் நியாயமானது. ஆனால் நான் மாதவிடாயை நோய் என்று சொல்லவில்லை. மாதவிடாயின் நிழலில் ஒளிந்துகொண்டு வரும் நோயை வெளியே இழுக்கிறேன். மைக்ரேன் ஆணுக்கும் வருகிறது. பூப்பெய்தும் வயதுவரை இருபாலருக்கும் ஏறக்குறைய சமமாக இருந்து, அதன்பின் பெண்களிடம் இரண்டு மூன்று மடங்காகிறது. நம் மாவட்டத்துக்கு வடக்கே கர்நாடகத்தில் வீடுவீடாகக் கேட்டு எடுத்து 2015-ல் வெளிவந்த ஆய்வு, ஓராண்டுக்குள் நூற்றில் 25 பேருக்கு மைக்ரேன் என்றது. 2019-க்கான உலக நோய்ச்சுமைக் கணக்கில், இளம்பெண்களை முடக்கும் காரணங்களில் மைக்ரேனுக்கே முதலிடம். மறைத்து வேலை செய்கிறவள் அந்த மூன்று நாளில் பாதி வேலைதான் செய்வாள், அதற்குத் திட்டும் வாங்குவாள். மருந்து கிடைத்தவள் முழு வேலையும் செய்வாள். எது அவளுக்கு மதிப்பு?

அரசையும் கேட்க வேண்டியிருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான். சுகாதாரத் தன்னார்வலர் வீட்டு வாசலுக்கே வந்து பிபி பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை தருகிறார். நல்ல காரியம். அந்த வாசலில் நின்றுகொண்டே "மாசா மாசம் தலைவலி வருதா? எத்தனை நாள் படுத்துடறீங்க?" என்ற இரண்டு கேள்வியையும் கேட்டால் என்ன செலவு?

எல்லாத் தலைவலியையும் இந்தக் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. இடி இறங்கியதுபோல் நொடியில் வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் இழுப்பு, வாய் குழறல், வலிப்பு: இவற்றுக்குக் காலண்டர் வேண்டாம், ஆம்புலன்ஸ் வேண்டும். கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் புதிதாக வரும் கடும் தலைவலி, ரத்தக்கொதிப்பாகவோ மூளையின் சிரைகளில் ரத்தம் உறைவதாகவோ இருக்கலாம். அங்கே போய் 'தலைக்கு ஊத்தினதுல நீர் கோத்துக்கிச்சு' என்று சொல்லிக் கடத்தும் ஒவ்வொரு மணி நேரமும் உயிரோடு விளையாட்டு.

சுக்குப் பற்று இருந்துவிட்டுப் போகட்டும். அது ஒருவர் இன்னொருவர் நெற்றியைத் தொடும் வழி. நான் மாற்றச் சொல்வது கேள்வியை. திண்ணையில் துண்டு கட்டிச் சாய்ந்திருப்பவளைப் பார்த்து, "தலைக்குக் குளிச்சியா?" என்று இனிக் கேட்காதீர்கள். "தூரமாகி எத்தன நாள் ஆச்சு, போன மாசமும் இதே நாளா?" என்று கேளுங்கள். அவள் நிமிர்ந்து ஒரு கணம் யோசிப்பாள். விரல் விட்டு எண்ணுவாள். வைத்தியம் அந்த விரல்களிலேயே தொடங்கிவிடும்.